அடுத்த ஜீப்

தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது சந்தை என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையைப் போல உச்சரித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். கம்பத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரருக்கு இது பழகிவிட்டது. விவாதம் தொடங்கியதும் சானலை மாற்றிவிடுவார். கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து, சந்தை ஏழைகளை விழுங்கிவிடும் என்கிறார்கள். எதிரே உட்கார்ந்த நாலு பேர், சந்தையே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் மும்பையில் இருக்கும் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தைப் பற்றிப் பேசுவதாகவே எனக்குப் படுகிறது. நான் பார்த்த சந்தை சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்டிருந்தது. விடியற்காலையில் கம்பம்மெட்டு ரோடு பிரிகிற இடத்தில், ஜீப்பின் பம்பரில் ஏறி நின்று தொண்டை கட்டக் கத்தியது.

அந்த ஜீப்பை ஓட்டியவன் நான். ஜீப்பின் சொந்தக்காரர் அவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பெரும்பாலும் ஏலே என்றுதான் கூப்பிடுவார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், என் பேரை வைத்து எழுதியிருக்கிறாயே, அதில் எனக்கு என்ன பங்கு என்று நேரே வந்து கேட்பார். கேட்கக்கூடிய ஆள்தான்.

அவர் பேரம் பேச மாட்டார். கம்பம் கடைத்தெருவில் பேரம் பேசாமல் சாமான் வாங்கும் பெண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கடை முன்னால் நிற்பார். விலை கேட்பார். ஒத்து வந்தால் வாங்குவார். இல்லாவிட்டால் முகத்தைச் சுளிக்காமல், குறை ஒன்றும் சொல்லாமல் நடந்துவிடுவார். கடைக்காரர் பின்னாலேயே வந்து, உங்களுக்காகக் குறைத்துக்கொள்கிறேன் என்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். முதலில் சொன்ன விலை அப்போது யாருக்கு என்று நடந்துகொண்டே கேட்பார். பேரம் பேசுவது கெஞ்சுவதில் சேர்த்தி என்பது அவர் கட்சி. "அடுத்த கட தெறந்துதான கெடக்கு" என்பதை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவருக்குத் தெரிந்த தத்துவம் மொத்தமும் அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே சட்டம். அவர் வீட்டுக்காரர் சாதுவான மனிதர், அரிசி மில்லில் வேலை. ஒருமுறை குழம்பில் உப்பு இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா கோபப்படவில்லை. அடுத்த கடை திறந்திருக்கிறது என்றார். மனிதர் ரோஷப்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் போய்ச் சில நாள் சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு கெட்டுத் திரும்பி வந்தபோது அக்கா ஒன்றும் குத்திக்காட்டாமல் தட்டை வைத்துச் சோறு போட்டார். அதன் பிறகு அவர் வீட்டுக் குழம்பில் உப்பும் சரியாக விழ ஆரம்பித்தது என்பது மில்லில் அவர் வீட்டுக்காரரே சொல்லி எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் விஷயம் தெரியாதவர்களுக்காக ஜீப் ஸ்டாண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏலக்காய்த் தோட்டங்கள் மலைக்கு மேலே, கேரளாவில். காய் எடுக்கும் கைகள் கீழே, எங்கள் பக்கத்தில். கம்பம், புதுப்பட்டி, அனுமந்தன்பட்டி என்று பல ஊர்ப் பெண்கள் விடியும் முன்பே தூக்குவாளியோடு வந்து நிற்பார்கள். நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று தோட்டத்து முதலாளி ஜீப்காரரிடம் போனில் சொல்லிவிடுவார். ஜீப்காரர்தான் ஆள் சேர்ப்பார், ஏற்றிப் போவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். கூலியும் சனிக்கிழமை அவர் கையால்தான் வரும். தோட்டத்தில் தலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், ஜீப்காரர் எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பது அவருக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

ஏறுவதற்கு முன்னால் கூலி என்ன என்று கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைச்சல். கேட்டால் ஜீப்காரர் முகம் சுண்டிப்போகும். நம்மள நம்பலையா ஆத்தா என்பார். நம்பவில்லை என்று யார் வாயைத் திறந்து சொல்வது? அதனால் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு ஜீப்காரருக்கும் சொந்த ஆட்கள் என்று ஒரு கூட்டம் இருக்கும். தீபாவளிக்கு அவர் தன் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை எடுத்துக் கொடுப்பார். வீட்டு விசேஷத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காருவார். வேறு ஜீப்பில் ஒரு நாள் ஏறினால், என் சேலையைக் கட்டிக்கொண்டு அவன் வண்டியில் ஏறினாயா என்று கேட்பார். ஸ்டாண்டில் ஒரு பெண்ணைப் பார்த்தால் அவள் பெயரைக் கேட்க மாட்டார்கள், அவள் யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். இதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிகிறது.

அக்காவும் பல வருஷம் அப்படி யாரோ ஒருவருடைய ஆளாகக் காய் எடுத்தவர்தான். ஒரு நாள் பக்கத்து நிரையில் காய் எடுத்த புதுப்பட்டிக்காரியோடு பேச்சுவாக்கில், இரண்டு பேர் கூலியும் வேறு வேறு என்று தெரிந்துவிட்டது. ஒரே தோட்டம், ஒரே மழை, ஒரே அட்டைக்கடி. வந்து இறங்கிய ஜீப்தான் வேறு. அன்று சாயங்காலம் அவர் தன் ஜீப்காரரிடம் சண்டை போடவில்லை. மறுநாள் பேசாமல் புதுப்பட்டிக்காரியின் ஜீப்பில் ஏறிவிட்டார். பெரிய ரகளை ஆனது. பழைய ஜீப்காரர் தீபாவளிக்குக் கொடுத்த சேலையைத் துவைத்து மடித்து, ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கப் பழைய ஜீப்பின் போனட்டில் வைத்துவிட்டு வந்தார். பிறகு கொஞ்ச காலத்தில், நகையை எல்லாம் விற்று ஒரு பழைய ஜீப் வாங்கி, என்னை ஓட்டக் கூப்பிட்டார்.

முதல் நாள் காலை நான் எஞ்சினை சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது பம்பரில் ஏறி நின்றார். ஏதோ கண்ணாடியைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்.

"இந்த வண்டி வண்டன்மேட்டுப் பக்கம் போகுது. தோட்டத்துல நானூத்தி அறுவது தாராக. வண்டிக்கு நாப்பது போக ஒங்க கைக்கு நானூத்தி இருவது. ஏறுறவ ஏறலாம். நாளைக்கு வேற வண்டி பிடிச்சா அதுல ஏறிக்கங்க, நான் கேக்க மாட்டேன்."

அத்தோடு நிறுத்தவில்லை. மற்ற ஜீப்களில் போன சனிக்கிழமை என்ன கூலி வந்தது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து பெண்களிடம் விசாரித்து வைத்திருந்தார். நாலு ஜீப் தள்ளி நின்ற ஜீப்காரர்கள் சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். என்ன ஆத்தா இது, ஏலமா போடுறே என்றார். மலைக்கு மேலே ஏலக்காயையே ஏலம் போட்டுத்தானே விற்கிறார்கள், அதை எடுக்கிற கைக்கு மட்டும் என்ன வெட்கம் என்று அக்கா கேட்டார். அன்று எங்கள் ஜீப் ரொம்பிப் போனது என்று சொன்னால் நம்பாதீர்கள். அரை வண்டிதான். மற்றவர்களுக்குப் பயம்.

பயம் தெளியக் கொஞ்ச நாளானது. பிறகு இடம் போதவில்லை. ஆனாலும் அவரை யாரும் கொண்டாடிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு அவர் சேலை எடுத்துக் கொடுக்கவில்லை. சேலைக் காசைத்தான் வருஷம் முழுக்கக் கூலியில் கொடுத்துவிட்டேனே என்றார். கணக்கு சரிதான். ஆனால் மற்ற ஜீப் பெண்கள் மாம்பழ மஞ்சளிலும் கிளிப்பச்சையிலும் வந்து இறங்கியபோது எங்கள் ஜீப்பில் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. சேலைக்காகவே இரண்டு மூன்று பேர் பழைய ஜீப்புக்குப் போனார்கள். அக்கா, அவளுக்குச் சேலை பிடித்திருக்கிறது, போகிறாள், உனக்கென்ன என்றார்.

இன்னொரு விஷயத்தில் எனக்கு இன்றும் அவரோடு சண்டை உண்டு. அனுமந்தன்பட்டியிலிருந்து வயதான ஒரு பெரியம்மா வருவார். கண் மங்கல், கை மெதுவு. அவருடைய பழைய ஜீப்காரர் அவரையும் எல்லோரோடும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய் முழுக்கூலி கொடுத்து வந்தார். நாங்கள் ஆள் கொண்டுபோன தோட்டத்திலோ, கை மெதுவானவர்களுக்கு எடுத்த காயை நிறுத்துத்தான் கூலி தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அதை மறைக்காமல் அந்தப் பெரியம்மாவிடம் சொல்லி ஏற்றினார். வாரக் கடைசியில் கூலி குறைந்ததும் பெரியம்மா அழுதார். நீங்கள் கொஞ்சம் போட்டுக் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டேன். அக்கா அடுத்தவளின் கூலியை எண்ண ஆரம்பித்தார். பெரியம்மா பழைய ஜீப்புக்கே திரும்பினார். அங்கே அவருக்கு நல்லது நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த ஜீப்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் பெரியம்மாவுக்குக் கொடுத்த தாராளம் முழுவதும் மற்ற பெண்களின் கூலியிலிருந்து போனது, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல். இரண்டில் எது சரி என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. விவாதத்தில் பேசுகிற கோட்டுக்காரர்கள் இதை ஒரு நொடியில் தீர்மானித்துவிடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில் மலைப்பாதை வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்து சில பெண்களுக்கு அடிபட்டது. உயிர் போகவில்லை, அதுவே பெரிய விஷயம். அளவுக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது என்று கெடுபிடி வந்தது. அது நியாயம். எங்கள் ஜீப்பிலும் அதுவரை திணித்துக்கொண்டுதான் போனோம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு விடவில்லை. புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓர் இளம் அதிகாரி, பெண் தொழிலாளர்களின் நலனுக்காக ஒரு திட்டம் போட்டார். நல்ல பிள்ளை. வெயிலில் ஸ்டாண்டுக்கு நடந்து வந்து பெண்களோடு உட்கார்ந்து பேசியவர். திட்டம் இதுதான்: ஒவ்வொரு பெண்ணுக்கும் படம் ஒட்டிய அட்டை. அட்டையில் அவள் போகும் ஜீப்பின் எண். அந்த ஜீப்பில்தான் அவள் போக வேண்டும், அந்த ஜீப்காரர்தான் அவளுக்குப் பொறுப்பு. எல்லா ஜீப்பிலும் ஒரே கூலி, அதைச் சங்கம் கூடிச் சொல்லும். ஜீப்கள் வரிசை முறையில் கிளம்பும்.

சங்கத் தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷமாகச் சேலை கொடுத்து அவர்கள் கட்டிவைத்ததை அரசாங்கமே முத்திரை குத்திக் கட்டிக் கொடுக்கிறது. கூட்டத்துக்கு ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து எல்லோருக்கும் கேசரி கொடுத்தார். அக்கா கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து நின்றார். அட்டை வாங்கியவள் ஜீப் மாற நினைத்தால் என்ன செய்வாள் என்று கேட்டார். சங்கத்தில் சொல்லிவிட்டு மாறிக்கொள்ளலாம் என்றார் அதிகாரி.

"சொல்லிட்டுன்னா சார், கேட்டுட்டுன்னுதான அர்த்தம்? வேணாம்னு சொல்லிட்டாக, பெறகு?"

அதிகாரி பொறுமையாக விளக்கினார். இதெல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் அம்மா, யாரும் உங்களை ஏமாற்றக் கூடாது என்பதற்குத்தான் என்றார். அக்கா அவர் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, எங்களை ஒருத்தன் ஏமாத்துனா அடுத்த வண்டிக்குப் போயிருவோம் சார், நீங்க அந்த வழிய அடச்சுட்டுப் பாதுகாப்புங்கிறீக என்றார். மண்டபத்தில் யாரும் கை தட்டவில்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஜீப்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது எப்படிக் கை தட்டுவார்கள்?

அட்டை அச்சாகி வந்தது. இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எங்கள் ஜீப்பின் எண் போட்டும் ஒரு கட்டு அட்டை வந்தது. நல்ல உழைப்பாளிகள், கை வேகமானவர்கள், ஒரு ஜீப் நிறைய எங்களுக்கென்றே எழுதி வைத்திருந்தார்கள். இனிமேல் விடியற்காலையில் கத்த வேண்டாம், போட்டி இல்லை, ஒருத்தியும் விட்டுப் போக முடியாது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். அக்கா அந்தக் கட்டை ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் அதிகாரியிடமே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு ஆள் வேண்டாம் சார், ஏறுகிறவர்கள் போதும் என்றார்.

திட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெண்கள் அட்டைகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு இஷ்டப்பட்ட ஜீப்பில் ஏறினார்கள். செக்போஸ்ட்டில் பார்த்தால் ஒருத்தி கையிலிருக்கும் அட்டையில் இன்னொருத்தி படம். மூக்குத்தியை வைத்து அடையாளம் சொல்லப் பார்த்த போலீஸ்காரர் கொஞ்ச நாளில் சலித்துப்போய், போங்கம்மா என்று விட்டுவிட்டார். அதிகாரியும் மாற்றலாகிப் போனார். அரசாங்கத் திட்டங்களில் பாதி இப்படித்தான் முடிகிறது. ஜனங்கள் எதிர்த்துக் கூட்டம் போடுவதில்லை, பேசாமல் சுற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டும் அடுத்த திட்டத்தை எழுதுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற மாட்டேனென்கிறது.

சங்கத் தலைவர் கெட்டிக்காரர். சட்டத்தால் ஆகாததை அவர் வேறு வழியில் முடித்தார். காய் எடுப்பு உச்சத்தில் இருந்த மாதம். ஒரு காலையில் அவரே தன் ஜீப்பின் பம்பரில் ஏறி நின்றார். வேட்டி தடுக்கியது, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அக்கா சொல்வதைவிட முப்பது ரூபாய் கூடச் சொன்னார். சங்கத்து ஜீப்கள் அத்தனையிலும் அதே கூலி. அது தோட்டத்திலிருந்து வந்த காசு இல்லை, சங்கத்துக்காரர்கள் கையிலிருந்து போடுகிறார்கள், அக்காவைக் காலி செய்கிற வரைக்கும்தான் என்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா எங்கள் பம்பரில் ஏறினார். இப்போது கூட்டத்தைப் பார்த்து இந்த அநியாயத்தைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எங்கள் கூலியைச் சொன்னார். பிறகு ஒரு மூச்சு விட்டுவிட்டு, "தலைவர் வண்டியில நானூத்தி அம்பது. எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவையும் சொன்னார். எங்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக அவருடைய சொந்த நாத்தனாரும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, மதினி கோவிச்சுக்காதே என்று சொல்லி இறங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டீரிங்கைக் குத்தினேன். எதிரி கூலியை நீங்களே கூவ வேண்டுமா என்று கேட்டேன். நான் சொல்லாமல் விட்டால் இத்தனை நாள் சொன்னதுக்கு என்னடா அர்த்தம் என்றார். அன்று காலி ஜீப்பில் நானும் அவரும் மட்டும் மலை ஏறினோம். தோட்டத்தில் அவரே இறங்கிக் காய் எடுத்தார்.

இப்படியே வாரக்கணக்கில் போனது. ஒரு நாள் சங்கத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, தன் ஜீப்பை ஓட்ட வருகிறாயா என்று கேட்டார். நல்ல சம்பளம் சொன்னார். வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அதைப் பெருமையாக அக்காவிடம் வந்து சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அப்படிக் கோபப்பட்டு அவரை நான் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு தாரேன்னாக?"

சொன்னேன்.

"நான் தாரதவிடக் கூடத்தான? பெறகு இங்கன என்னத்துக்கு நிக்கிற? எனக்கு நன்றிக்கு வண்டி ஓட்டுறவன் வேணாம். நாளைக்கு நீயும் தீவாளிச் சேல கேப்ப."

என் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் ஜீப்பையும் ராஜாக்காட்டுக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் நான் தலைவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஸ்டாண்டைவிட்டுப் போன அடுத்த திங்கட்கிழமை, எல்லோரும் எதிர்பார்த்ததுதான் நடந்தது. பம்பரில் யாரும் ஏறவில்லை. பழையபடி வரிசை முறை, முதலில் நிற்கிற ஜீப்பில்தான் ஏற வேண்டும், கூலி சனிக்கிழமை தெரியும் என்று தலைவர் சொன்னார். அன்று வரிசையில் முதலில் நின்றது நான் ஓட்டிய தலைவருடைய ஜீப். பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். ஏறவும் இல்லை, ஏற மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அப்போது கூட்டத்தில் முழுக்கைச் சட்டையைப் பார்த்தேன். ஜீப் இல்லை, ஆனால் கை இருக்கிறதே. இடுப்பில் காய்ப் பையைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு வரிசையில் வந்து நின்றார். தலைவரும் பார்த்துவிட்டார். அந்தம்மாவை எந்த ஜீப்பிலும் ஏற்றக் கூடாது என்று எல்லா டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஸ்டாண்டில் ஒரு பெண்ணை அப்படித் தள்ளிவைத்தால் அந்தப் பருவத்துக்கு அவள் மலைக்குப் போக முடியாது. அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நேரே என் ஜீப்பின் முன்னால் வந்து நின்றார். என்னைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

"டிரைவரு, கூலி என்ன?"

தலைவர் என் பக்கத்தில் நின்றபடி, வாயைத் திறக்காதே என்று மெதுவாகச் சொன்னார். என் வீட்டில் நான் மட்டும்தான் சம்பாதிக்கிறவன். அதையும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இறங்கிப் பம்பரில் ஏறினேன். அதில் நிற்பது அவ்வளவு சுலபமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

தோட்டத்தில் என்ன தருகிறார்கள், வண்டி எவ்வளவு எடுக்கிறது, கைக்கு எவ்வளவு வரும் என்று மூன்றையும் கத்திச் சொன்னேன். தலைவருக்காகத் தோட்டத்தில் காசு வாங்கி வருகிறவன் நான்தான் என்பதால் கணக்கு எனக்குத் தெரியும். கைக்கு முந்நூத்தித் தொண்ணூறு. அதைச் சொன்னபோது பெண்களிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது. பின்வரிசைக்கும் கேட்டது. இறங்கி அக்காவைப் பார்த்தேன். எனக்காக நீ ஏறு அக்கா, இந்த ஒரு தடவை ஏறு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரை ஏற்றினால் வேலை போகும், போகட்டும் என்றுதான் நின்றேன்.

எங்களுக்குப் பின்னால் நின்ற ஜீப்காரர் சங்கத்துக்காரர்தான். புதிதாக வண்டி வாங்கியவர், அவருக்கு ஒரு வண்டி ஆள் கட்டாயம் வேண்டும். தலைவரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இங்கன நானூத்திப் பத்து" என்று சத்தமில்லாமல் சொன்னார்.

அக்கா தலையை ஆட்டினார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், முகம் சுளிக்காமல், என் ஜீப்பைக் கடந்து நடந்து போய் அந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நாத்தனார் ஏறினார். பிறகு மற்றவர்களும். அந்த ஜீப் நிறைந்ததும் அதற்கடுத்த ஜீப்காரர் தன் கூலியைச் சொன்னார். தலைவர் யாரையும் தடுக்கவில்லை. தடுத்தால் எத்தனை ஜீப்பைத் தடுப்பார்?

அன்று நான் மட்டும் காலி ஜீப்பில் மலை ஏறினேன். வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். உயிரைக் கொடுத்துக் கத்தியவனுக்கு இதுதானா மரியாதை என்று கேட்டேன். பாதி மலை ஏறியதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் என் ஜீப்பில் ஏறியிருந்தால் நான் பம்பரில் ஏறியதற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும்.

தலைவர் என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்தேன். நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடுத்த ஜீப் எனக்கும் இருக்கிறது என்பது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. மறுநாள் காலை முகத்தைத் திருப்பிக்கொண்டு, நானூத்தி முப்பது என்று சொல்லித் தொலை என்றார். பம்பரில் ஏறிச் சொன்னேன். அன்று ஸ்டாண்டில் அதுதான் அதிகம்.

அக்கா எல்லா ஜீப்பையும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு வந்தார். முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டார். தலைவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், வந்துட்டீகளா அக்கா என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, கூலி கூட இருக்கு, ஏறியிருக்கேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."